ஒற்றையாய்ப் போகாத விண்ணப்பம்

ஜோடியக்கா என்று மாணவர்கள் அவளைச் சொல்வது முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேரே வெறும் அக்கா. முதுகுக்கும் காது உண்டு என்பது ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கிறவர்களுக்குக்கூடத் தெரிவதில்லை. அவளுக்கு அதில் கோபமும் இல்லை. பட்டப்பெயர் கிடைக்கவும் ஒரு யோக்கியதை வேண்டும் என்பாள். உயிர்ப்பொறியியல் துறை அலுவலகத்தில் அவளுக்கு முன்னால் இருந்த எழுத்தர் முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு ஒரு பட்டப்பெயர்கூட இல்லாமல் ஓய்வு பெற்றுப் போனார்.

பெயர் வந்த கதை சிரிப்பதற்கு இல்லை. வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடம், ஆராய்ச்சிக் கருத்தரங்குக்குப் போகப் பண உதவி கேட்டு ஒரு மாணவன் கொடுத்த ஒற்றைத் தாளைத் தபால் பையில் போட்டு நிதிப் பிரிவுக்கு அனுப்பினாள். தாள் போய்ச் சேரவில்லை. மாணவன் அலுவலக வாசலில் நின்று கத்தினான். துறைத் தலைவர் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். அவள் கழிப்பறைக்குப் போய் அழுது, முகம் கழுவி வந்து விளக்கம் எழுதினாள். நாலு வருடம் கழித்து நிதிப் பிரிவில் சுவருக்கு வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தியபோது, அந்தத் தாள் பின்பக்கம் தூசியும் ஒட்டடையுமாகக் கிடந்தது. மின்விசிறிக் காற்றில் பறந்து விழுந்திருக்கிறது. தாள் கிடைத்துவிட்டது. அதில் கையெழுத்துப் போட்டிருந்தவன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று முதல் ஒற்றைத் தாள் எதுவும் அவள் மேஜையை விட்டு வெளியே போனதில்லை. இரண்டு சேர்ந்தால்தான் கனம், கனம் இருந்தால்தான் பறக்காது. ஓரத்தில் ஓட்டை போட்டு, பச்சைக் கயிறு கோத்து, பிரிக்கிறவன் நகம் பெயர்கிற மாதிரி ஒரு முடிச்சுப் போடுவாள். துணைக்கு எது கிடைத்தாலும் சரி. விடுப்புக் கடிதம், ரசாயனக் கடை ரசீது, குழாய் ஒழுகுகிறது என்ற புகார், ஏதாவது ஒன்று கூடப் போகும். உறையில் போட்டு அனுப்பலாமே என்று கேட்டால், காலி உறை என்று குப்பையில் வீசிவிடுவார்கள் என்பாள். எதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். காரணத்துக்குக் கீழே இருந்தது பயம்தான்.

இருபத்து இரண்டு வருடம் அந்தப் பயம் அவளைக் காப்பாற்றியது. ஒரு தாள்கூடத் தொலையவில்லை. ஒரே ஒரு தடவை, பயண விண்ணப்பத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த, ஆய்வகத்துக்கு எத்தனால் வாங்கிய ரசீதும் பயணச் செலவு என்று அனுமதியாகிப் பணம் வந்துவிட்டது. நிதிப் பிரிவில் இரண்டு பேருக்குத் திட்டு விழுந்தது. அதன் பலனாகச் சென்ற வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது: பயண உதவி விண்ணப்பங்களோடு வேறு எந்தத் தாளையும் இணைக்கக் கூடாது. யாரை மனதில் வைத்து எழுதியது என்று அவளுக்குப் புரிந்தது. அதனால் என்ன? பயண விண்ணப்பத்துக்கு இன்னொரு பயண விண்ணப்பமே துணை. எப்படியும் வருடத்துக்கு நாலைந்து பேர் கேட்பார்கள்.

அவள் மாணவர்களை அவர்கள் என்ன செய்கிறார்களோ அதை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வாள். எலும்புத் தம்பி, வால்வுக்காரர், ரத்தக்குழாய்ப் பொண்ணு. காலையில் பத்து மணிக்கு மாடியில் கிருமி சாக ஆய்வகக் கருவிகளை அவிக்கும் இயந்திரத்தைத் திறந்தால் அவள் அறை வரைக்கும் வெந்த நெடி இறங்கும். அதற்கு மேல் அந்த ஆராய்ச்சியில் அவளுக்கு ஒட்டோ உறவோ இல்லை. ஒருத்தி விஷயத்தில் மட்டும் இருந்தது.

அவள் கட்டுப் பொண்ணு. மூன்றாம் வருட ஆராய்ச்சி மாணவி, அப்பா லாரி ஓட்டுகிறவர். குளிர்ப்பெட்டிக்குப் புதுப் பூட்டு கேட்டு எழுதிய கடிதத்தோடு முதல் தடவை அலுவலகத்துக்கு வந்தபோது, கையில் ஒரு கண்ணாடித் தட்டில் வழவழவென்று ஏதோ வைத்திருந்தாள்.

"என்னம்மா இது?"

"கட்டுக்கா. துணி இல்ல, ஜெல்லு. தீக்காயத்து மேல போடுறது. சாதாரணக் கட்டு சதையோட ஒட்டிக்கும். பிரிக்கும்போது உயிர் போயிடும். இது ஒட்டாது. தண்ணி பட்டா தானா கழண்டு வந்துடும்."

ஜோடியக்கா பேனாவைக் கீழே வைத்தாள். அவள் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். பதினொரு வருடத்துக்கு முன்னால் ரேடியேட்டர் வெடித்துக் கொதிக்கிற தண்ணீர் வலது முழங்காலுக்குக் கீழே மொத்தமாகக் கொட்டியது. ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டுப் பிரிப்பார்கள். நர்ஸ் பிரிக்க, இவள் அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். பெண்டாட்டி பயந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார் மனுஷன். கடைவாய்ப் பல் ஒன்று அப்போதுதான் உடைந்தது.

"இதை முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா நீ?" என்றாள், குரல் கொஞ்சம் பிசிற.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் சங்கடத்தோடு, "அப்ப நான் பத்தாவதுக்கா" என்றாள்.

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் கடிதங்கள் எல்லாம் முதல் வேலையாக நடந்தன. புதுப் பூட்டு நாலு நாளில் வந்தது. அந்த அலுவலகத்தில் அது சரித்திரம்.

அந்த வருடம் கட்டுப் பொண்ணின் ஆராய்ச்சி ஒரு பெரிய உயிர்ப்பொறியியல் கருத்தரங்கில் போஸ்டராக வைக்கத் தேர்வானது. வெளிநாடு, விமானப் பயணம், நாலு நாள். ஐந்தாம் தேதி காலையில், வெந்த நெடி இறங்குவதற்கு முன்னாலேயே, விண்ணப்பத்தோடு வந்து நின்றாள்.

"அக்கா, தீக்காயத்துக்குன்னே ஒரு பெரிய லேப் இருக்கு. அதை நடத்துறவர் மெயில் போட்டிருக்காரு. உங்க போஸ்டர்கிட்ட வந்து பார்க்கிறேன்னு எழுதியிருக்காரு. இந்த வருஷத்தோட எனக்கு உதவித்தொகை முடியுது. அவருக்குப் பிடிச்சா மேல அங்கயே பண்ணலாம்க்கா."

"பிடிக்காம என்ன?"

"பிடிக்கலைன்னா விட்டுட்டு வேலைக்குப் போகணும். வீட்டுல இதுக்கு மேல கேட்க முடியாது."

மற்றதெல்லாம் கணினியில் ஏற்றியாகிவிட்டது. கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றுதான் பையில் போக வேண்டும். கணினியில் எப்போது ஏற்றினாலும், தாள் போய்ச் சேர்ந்த தேதியைத்தான் அங்கே தேதி என்பார்கள். கடைசி நாள் முப்பது. ஜோடியக்கா வரவுப் பதிவேட்டில் ஐந்தாம் தேதி போட்டு எழுதிக்கொண்டாள். தாளை மேஜையில் கிடக்க விடவில்லை. இழுப்பறையைத் திறந்து, முத்திரைகள் இருக்கிற பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். அந்தக் கட்டடத்தில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

துணைக்கு ஒரு விண்ணப்பம் வேண்டும். அந்த வருடம் பார்த்து எலும்புக்கும் வால்வுக்கும் ரத்தக்குழாய்க்கும் கருத்தரங்கு யோகம் இல்லை. இன்னொரு ஆள்தான் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை அளக்கிற ஒட்டுப்பட்டை செய்கிறவன், துறையில் கார் ஓட்டிக்கொண்டு வருகிற ஒரே மாணவன். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பான். அவனுக்கு அவள் வைத்த பெயர் நாளைக்குத் தம்பி.

"தம்பி, உன் அப்ளிகேஷன் எங்கே?"

"கைடு ஊர்ல இல்லக்கா. நாளைக்குக் கண்டிப்பா."

தபால் பை செவ்வாயும் வெள்ளியும் போகும். ஒரு செவ்வாய் போனது, ஒரு வெள்ளி போனது. பை போகும்போதெல்லாம் அவள் இழுப்பறையைத் திறந்து தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூட்டினாள். சுற்றறிக்கையில் 'வந்து சேரும் வரிசைப்படி, நிதி உள்ளவரை' என்று ஒரு வரி இருந்தது. அவள் படிக்காமல் இல்லை. வருடா வருடம் இருக்கிற வரி அது. கடைசி நாளுக்கு முன்னால் பணம் தீர்ந்ததாக இருபத்து நாலு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் கேள்விப்பட்டதில்லை.

நடுவில் ஒருநாள் கட்டுப் பொண்ணு கதவருகில் தலையை நீட்டினாள்.

"அக்கா, நம்ம தாளு?"

"பத்திரமா இருக்கும்மா. நீ போய் வேலையைப் பாரு."

பொய் இல்லை. அந்தப் பெண் அதைக் கேட்டு நிம்மதியாகப் போனாள், போஸ்டரை அச்சடிக்கக் கொடுக்க.

இருபத்தேழாம் தேதி நாளைக்குத் தம்பி விடுப்புக் கடிதத்தோடு வந்தான்.

"விண்ணப்பம் எங்கடா?"

"எதுக்கா? ஓ, அதுவா? மாமா டிக்கெட் போட்டுக் கொடுத்துட்டாருக்கா. உங்ககிட்ட சொல்ல மறந்தே போச்சு." தலையைச் சொறிந்து அசடு வழிந்தான்.

அவனைத் திட்டக்கூட நேரமில்லை. இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்துக்கொண்டு, அலுவலக நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்து ஓடினாள். விளையாட்டு மைதானத்தைத் தாண்டி எதிர்க் கட்டடத்தில் நிதிப் பிரிவு. அங்கே கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இவளுக்கும் பதினைந்து வருடத் தொலைபேசிப் பழக்கம்.

"மேடம், இந்த வருஷம் நிதியைப் பாதியாக் குறைச்சுட்டாங்க. இருபத்தொண்ணாம் தேதியே காலி."

"கடைசித் தேதி முப்பதுதானே சார்?"

"முப்பது வரைக்கும் தாளு வாங்கிக்குவோம். பணம் இருக்கும்னு எங்க போட்டிருக்கு?" என்றவர் தாளைப் புரட்டினார். "அஞ்சாம் தேதி வாங்கியிருக்கீங்களே. அப்பவே வந்திருந்தா இதுதான் முதல் தாளு. இருபத்திரெண்டு நாளா என்ன பண்ணீங்க?"

துணை தேடிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? அவர் சிவப்பு மையால் 'நிதி இல்லை, தாமதமாக வந்தது' என்று எழுதி, இருபத்தேழாம் தேதி முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்.

மைதானத்தில் திரும்பி நடக்கும்போது மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். டிக்கெட் விலை அவளுடைய ஐந்து மாதச் சம்பளம். சேமிப்பு என்று இருந்ததைக் கணவரின் கால் எப்போதோ தின்றுவிட்டது.

இதுவரைக்கும் நடந்தது தப்பு. தப்பு யாருக்கும் நேரும். அடுத்து அவள் செய்ததைத் தப்பு என்று மட்டும் சொல்லி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

மாணவர்களுக்குப் போகிற கடிதத்தை அடிப்பதும் அவள் வேலைதான். பதினாலு வருடமாக ஒரே வாசகம், பெயரை மட்டும் மாற்ற வேண்டும்: 'தங்கள் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. நிதியுதவிக்குத் தாங்கள் தேர்வு செய்யப்படவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' கீழே காரணம் எழுத ஒரு வரி இடம் உண்டு. 'நிதி தீர்ந்தபின் விண்ணப்பம் வந்ததால்' என்று அடித்தாள். அப்படிப் போனால் அந்தப் பெண் கேட்பாள்: ஐந்தாம் தேதியே கொடுத்தேனே? துறைத் தலைவர் கேட்பார். மறுபடியும் எழுத்துமூலம் விளக்கம். ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போது, மறுபடியும் வாசலில் ஒருத்தி நின்று கத்துவாள். ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் வந்து அந்த வரியை அழித்தாள். துறைத் தலைவர் வழக்கம்போல் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவள் முத்திரை குத்தினாள். முத்திரை என்றைக்கும் போல் சுத்தமாக விழுந்தது.

கட்டுப் பொண்ணு கத்தவில்லை. கடிதத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

"கவனமாப் பரிசீலிச்சாங்களாக்கா?"

ஜோடியக்கா முத்திரை மைப் பெட்டியை மூடினாள், திறந்தாள், மூடினாள்.

"யாரு பரிசீலிப்பாங்க? நம்ம சப்ஜெக்ட் தெரிஞ்சவங்களா?"

"தெரியலம்மா."

"குறை என்னன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா திருத்திக்குவேன். ஒண்ணுமே எழுதலையே."

கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, தேங்க்ஸ்க்கா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வீட்டில் கணவர் செய்தித்தாளை விரித்து, பக்கத்து வீட்டு மேஜை விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிடலாம்னு இருக்கேங்க."

அவர் ஸ்குரூவைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு யோசித்தார். "சொல்லி என்ன ஆகப்போகுது? பணம் திரும்பி வருமா?"

"வராது."

"பின்ன? உன் மனசு லேசாகும், அவ மனசு கனமாகும். அவ்வளவுதானே? விடு. சின்ன வயசு, அடுத்த வருஷம் போகட்டும்."

பாசத்தில்தான் சொன்னார். சொல்லாமல் இருக்க நல்ல காரணம் ஒன்று யாராவது கொடுத்தால் போதும், கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம். அவளும் பிடித்துக்கொண்டாள். அவருடைய கால் தெரிகிற பக்கம் மட்டும் அன்றைக்கு அவளால் பார்க்க முடியவில்லை.

கருத்தரங்கு முடிந்து நாளைக்குத் தம்பி திரும்பி வந்தான். கழுத்தில் அடையாள அட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை. அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு பேனா கொடுத்தான். கட்டுப் பொண்ணு அப்போது அங்கே பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்திருந்தாள்.

"உன் போர்டு அப்படியே காலியா நின்னுச்சு தெரியுமா? நூத்திப் பதினாலு. நம்பர் மட்டும் ஒட்டி வச்சிருந்தாங்க. ஒரு வெள்ளைத்தலை மனுஷன் ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போனாரு. பாவம், எங்கிட்டகூட உன்னைத்தான் விசாரிச்சாரு."

"நீ என்ன சொன்ன?"

"வரலைன்னு சொன்னேன்."

அவள் கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டு, பேனாவை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். ஜோடியக்கா தன் பங்குக்கு வந்த பேனாவை இழுப்பறையின் அடியில் போட்டாள். அதில் அவள் ஒரு எழுத்துகூட எழுதியதில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெண் வருகிற நேரம் மாறியது. வெந்த நெடிக்கு முன்னால் வந்தவள் பத்தரைக்கு வந்தாள், பிறகு பதினொன்றுக்கு, பிறகு மத்தியானத்துக்கு. ஜோடியக்காவுக்கு வருகைப் பதிவேடு கண்ணெதிரேயே இருந்தது. இரண்டு தடவை சொல்லிவிடலாம் என்று எழுந்தாள். ஒரு தடவை மாடிப்படி வரைக்கும் போய்விட்டு, வழியில் எதிர்ப்பட்ட எலும்புத் தம்பியிடம் மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினாள். இன்னொரு தடவை தண்ணீர்க் குழாயடியில் இருவரும் தனியாக மாட்டிக்கொண்டார்கள்.

"என்னம்மா, இளைச்சுட்டே?"

"ஒண்ணுமில்லக்கா. சோதனையெல்லாம் முதல்லேர்ந்து திரும்பப் பண்றேன்."

"ஏம்மா? நல்லாத்தானே வந்துச்சு?"

"எங்கயோ தப்பு இருக்குக்கா. கண்டுபிடிக்கணும்."

பாட்டில் நிரம்பி வழிந்து இருவர் காலும் நனைந்தது. ஜோடியக்கா குழாயை இறுக்கி மூடச் சொன்னாள்.

எட்டு மாதம் போயிற்று. ஒரு புதன்கிழமை காலையில் கட்டுப் பொண்ணு ஒரு தாளோடு வந்தாள். நிலுவையின்மைச் சான்று. படிப்பை விட்டுப் போகிறவர்கள் எல்லா இடத்திலும் கையெழுத்து வாங்கி வர வேண்டிய தாள். நூலகம் போட்டிருந்தது, விடுதி போட்டிருந்தது, ஆய்வகமும் போட்டிருந்தது. துறை அலுவலகம்தான் பாக்கி.

"எங்கம்மா போறே?"

"வேலை கிடைச்சிருக்குக்கா. ஆஸ்பத்திரிக்குச் சாமான் சப்ளை பண்ற கம்பெனி. கையுறை, ஊசி, கட்டுத்துணி." லேசாகச் சிரித்தாள். "ஒட்டுற கட்டுதான். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இது நிர்வாகப் பிரிவுக்குப் போயாகணும். இல்லைன்னா சர்ட்டிபிகேட் வராது, வேலையும் போயிடும். கையில வாங்க மாட்டாங்களாம், ஆபீஸ் மூலமாத்தான் வரணுமாம்."

ஜோடியக்கா பேனாவை எடுத்தாள். துறைக்கென்று இருந்த கட்டத்தில் அச்சடித்திருந்தது: 'மேற்கண்டவரிடமிருந்து இத்துறைக்கு வர வேண்டியது எதுவும் இல்லை.' இத்துறையிலிருந்து மேற்கண்டவருக்குப் போக வேண்டியது என்று ஒரு கட்டம் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. பேனா ஓடவில்லை.

"உட்காரும்மா."

"இருக்கட்டும்க்கா."

"உட்காருன்னா உட்காரு."

வரவுப் பதிவேட்டைத் திருப்பி ஐந்தாம் தேதியைக் காட்டினாள். பிறகு முத்திரைப் பெட்டியைத் தூக்கி, அதற்கடியில் எட்டு மாதமாகக் கிடந்த தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். சிவப்பு மை அப்படியே இருந்தது.

"உன் வேலையை யாரும் பரிசீலிக்கலம்மா. யாரும் படிக்கவே இல்ல. நல்லா இல்லைன்னு ஒருத்தரும் சொல்லல. தாளு போய்ச் சேரல, அவ்வளவுதான். துணைக்கு இன்னொண்ணு வரட்டும்னு நான் பூட்டி வச்சிருந்தேன். அப்புறம் அந்தக் கடுதாசியையும் நான்தான் அடிச்சேன்." பதிவேட்டை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினாள். "பயந்துட்டேன். அதான் உன்கிட்ட சொல்லல."

அந்தப் பெண் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் இருபத்தேழைத் தொட்டாள். பதிவேட்டில் ஐந்தைத் தொட்டாள்.

"அப்ப யாரும் வேண்டாம்னு சொல்லலையா?"

"இல்லம்மா."

"எட்டு மாசமா தேடினேன்க்கா. ஜெல்லுல தப்பா, கணக்குல தப்பா, படத்துல தப்பான்னு. மூணு பேட்ச் நல்லா வந்ததை நானே கொட்டிட்டேன். எவ்வளவு தேடியும் தப்பு கிடைக்கல." அவள் குரல் ஏறவே இல்லை. "தப்பைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு ஆராய்ச்சின்னுதான் விட்டேன்."

ஜோடியக்காவுக்குக் கண்ணீர் பொங்கியது. இருபத்து இரண்டு வருடத்துக்கு முன்னால் கழிப்பறையில் அழுதது தனக்காக. இது வேறு அழுகை. அதற்கும் எந்தப் பலனும் இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது.

"இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. இரு, நான் தலைவர்கிட்ட வந்து எல்லாத்தையும் சொல்றேன். என்ன பண்ணுவாங்க என்னை, பண்ணட்டும்."

"கைடு என் இடத்துக்கு வேற ஆளை எடுத்துட்டாருக்கா. அந்த லேப்லயும் எடுத்துட்டாங்க. வேலைல சேர்றேன்னு அப்பாகிட்ட சொல்லியாச்சு. அவரு இந்த மாசத்தோட நைட் வண்டி ஓட்டுறதை நிறுத்தப் போறாரு." தாளை அவள் பக்கம் மெல்லத் தள்ளினாள். "கையெழுத்துப் போடுங்கக்கா."

ஜோடியக்கா கையெழுத்துப் போட்டாள். முத்திரை குத்தினாள். முதல் தடவையாக முத்திரை கோணலாக விழுந்தது.

கட்டுப் பொண்ணு எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். திட்டுவாள், திட்டினால் கொஞ்சம் பாரம் குறையும் என்று ஜோடியக்கா முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தாள். அந்தப் பெண் கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"இதையாவது ஒத்தையா அனுப்பிடுங்கக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். படியில் இறங்குகிற சத்தம் கேட்டது.

தபால் பை நேற்றே போய்விட்டது, அடுத்தது வெள்ளிக்கிழமை. ஜோடியக்கா அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். மைதானத்தில் காற்று பலமாக அடித்தது. தாளை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எதிரே வந்த மாணவர்கள் சிலர் வழிவிட்டு நின்று பார்த்தார்கள்.

நிர்வாகப் பிரிவில் இருந்த பெண் தாளை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினாள்.

"என்ன மேடம், அதிசயமா இருக்கு. துணைக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஜோடியக்கா மேஜையில் கிடந்த ஸ்டேப்ளரை எடுத்துத் தாளின் மேல் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அந்தப் பெண் முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டு, கணினியில் ஏற்றி, இனிமேல் தொலையாது போங்க மேடம் என்று சிரித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள் ஜோடியக்கா. வந்ததிலிருந்து மூன்று நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.